ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூர் மக்களை எப்படி அடக்கி வைத்தார்கள்?

வெளியிலிருந்து வந்த ராணுவத்தால் ஒரு ஊரையே எப்படிக் கட்டுக்குள் வைக்க முடிந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் பாதிதான். ஒவ்வொரு இனத்தையும் வெவ்வேறு விதமாக நடத்தியது மீதி.

1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் சரணடைந்தார்கள். சில நாளிலேயே ஜப்பானியர் சீன ஆண்களைக் கூட்டி வைத்து, யார் எதிரி என்று சலித்தெடுத்தார்கள். முகத்தை மூடிய ஆள்காட்டி கைநீட்டினால் போதும், லாரியில் ஏற்றிவிடுவார்கள். பலர் கடற்கரையில் சுடப்பட்டார்கள். தப்பியவருக்குக் காகிதத்திலோ சட்டையிலோ கையிலோ ஒரு முத்திரை. கையில் வாங்கியவர்கள் அது அழியாதபடி தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டார்கள். முறையான விசாரணை கிடையாது. அதனால் என்ன செய்தால் தப்பலாம் என்று யாருக்குமே புரியவில்லை. அந்தக் குழப்பம்தான் ஆட்சியாளருக்குப் பெரிய பலம். அப்புறம் சிங்கப்பூர், மலாயா சீனர்களிடம் 5 கோடி டாலர் 'நன்கொடை' வேறு கேட்டார்கள்.

நம்மவர்களிடம், அதாவது இந்தியர்களிடம், விசுவாசத்தை எதிர்பார்த்தார்கள். இந்திய விடுதலைக்காக ஜப்பானியர் ஆதரவோடு இயங்கிய இந்திய சுதந்திர லீக்கின் உறுப்பினர் அட்டை ஓரளவு பாதுகாப்பு தந்தது. 1943 ஜூலையில் நேதாஜி இங்கே வந்தபின் உண்மையான விடுதலை வேட்கையோடு அவருடைய இயக்கத்தில் சேர்ந்தவர்கள் ஏராளம். அவர்களைக் கைக்கூலி என்பது அநியாயம். ஆனால் அதே ஜப்பானிய ஆட்சிதான் மலாயாத் தோட்டத் தமிழர்களைச் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில்பாதை வேலைக்கு அனுப்பி ஆயிரக்கணக்கில் சாகவிட்டது.

அன்றாடம் அரிசிதான் கடிவாளம். வீட்டில் எத்தனை பேர் என்று பதிந்தால்தான் ரேஷன். புதிதாக யாராவது வந்து தங்கினால் சொல்லியாக வேண்டும். கண்காணிக்கும் பொறுப்பு அக்கம்பக்கத்தாரிடமே இருந்தது.