குழந்தை அறைக்குக் கையால் கில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைப்பது எப்படி? அறையைப் பழைய பாணியில் அமைக்கலாமா?

தாராளமாக அமைக்கலாம். முதல் முறை தைப்பவர் என்றால் சதுரத் துண்டுகளே போதும். 5 அங்குலச் சதுரங்களாக 64 வெட்டி, வரிசைக்கு 8 வீதம் இணையுங்கள். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போக, ஏறத்தாழ 36 அங்குலச் சதுரமாக ஒரு போர்வை கிடைக்கும். அந்தக் கால் அங்குலத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஒவ்வொரு துண்டிலும் நூலளவு பிசகினாலும் எட்டாவது துண்டில் மூலைகள் சேராது.

பருத்தித் துணியை வெட்டும் முன்பே துவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் முதல் சலவையில் துணி சுருங்கும், அடர்ந்த சாயம் பக்கத்துத் துண்டில் ஏறும். அப்புறம் அடித்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, மேலே இணைத்த துணி என அடுக்கி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஓட்டுத் தையல் போடுங்கள். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் சுருக்கம் விழும்.

பழைய தோற்றத்துக்கு வெளிறிய நிறங்களும் சிறு பூ அச்சும் ஒரு மர நாற்காலியும் போதும். ஆனால் தொட்டில் கட்டில் மட்டும் புதிதாகவே இருக்கட்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். கம்பிகளின் இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் இருந்தால் குழந்தையின் உடல் நழுவித் தலை சிக்கும்.

இன்னொன்று, இது மிக முக்கியம்: ஒரு வயது வரை தூங்கும் குழந்தையின் கட்டிலில் கில்ட் வேண்டாம், மூச்சுத் திணறும். அதுவரை குழந்தை விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து, தரையில் விரித்துக் குப்புறப் படுத்து விளையாட விடுங்கள்.