கணவருக்கு ஸ்டெம் செல் சிகிச்சை: துணைக்கு நிற்பவர் செய்ய வேண்டியவை

கேள்வி: என் கணவர் ஆசிரியர், வயது 56. மல்டிபிள் மைலோமா என்னும் இரத்தப் புற்றுநோய்க்காகச் சில மாதங்களாக மருந்து எடுத்து வருகிறார். அடுத்த மாதம் மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை நடக்கவிருக்கிறது. அவருடைய கலங்களையே எடுத்து அவருக்கே ஏற்றுவார்களாம். நான் எப்படித் துணையாக இருப்பது? எனக்கு நீரிழிவு உண்டு. சிங்களமும் அவ்வளவாகப் பேச வராது.
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: மாற்றுச் சிகிச்சை என்றதும் நம்மவர்கள் சத்திரசிகிச்சை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இதில் கத்தி படுவதில்லை. நோயைத் தாக்குவது மெல்ஃபலன் என்னும் மருந்துதான். அது எலும்புக்குள் இரத்தம் உருவாகும் இடமான என்பு மச்சையையும் சேர்த்து அழித்துவிடுவதால், முன்கூட்டியே சேகரித்து வைத்த குருத்துக் கலங்களை (ஸ்டெம் செல்) இரத்தம் ஏற்றுவது போல ஏற்றி, மச்சையை மீண்டும் முளைக்க வைக்கிறார்கள். அந்தக் கலங்கள் வேர் பிடிக்கப் பெரும்பாலும் 10 முதல் 14 நாட்கள் ஆகும். அதற்கிடையில் கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். உங்கள் துணை பெரிதும் தேவைப்படுவது இந்த இடைவெளியிலும் அதற்கடுத்த சில மாதங்களிலுமே.

மெல்ஃபலன் ஏற்றும்போது வாயில் ஐஸ் துண்டுகளை வைத்துக்கொண்டிருந்தால் வாய்ப்புண் குறையும். அதற்கு வசதி உண்டா என்று தாதியரிடம் முன்பே கேட்டு வையுங்கள். கலங்கள் உறைய வைக்கப்பட்டிருந்தால், ஏற்றும் நாளில் அறை முழுவதும் உள்ளிப்பூண்டு போன்ற ஒரு வாடை வீசும். அது பாதுகாப்புத் திரவத்தின் வாடை. ஓரிரு நாளில் போய்விடும்.

ஒரு வாரம் கழிந்ததும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, கேட்டதற்கும் பதில் சொல்லாமல் இருக்கக்கூடும். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாயிலிருந்து வயிறு வரை புண்ணாகி, எச்சில் விழுங்கவே வலிக்கும் நாட்கள் அவை. "ஒரு வாயாவது சாப்பிடுங்கோ" என்று கெஞ்சுவதைவிட, வலி தாங்க முடியவில்லை என்பதைத் தாதியரிடம் சொல்லுவது பயன் தரும், ஏனெனில் அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆறிய கஞ்சி இரண்டு கரண்டி இறங்கினாலும் அன்றைக்கு அது போதும்.

பல மனைவியர் இரவுபகலாகக் கட்டிலருகே இருப்பதையே கடமையாகக் கருதுகிறார்கள். அது தேவையில்லை, உங்களுக்கு நல்லதும் இல்லை. உங்கள் நீரிழிவு மாத்திரை, நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம் ஆகியவற்றை விட்டுக்கொடுக்காதீர்கள். உங்களுக்குத் தடிமனோ இருமலோ வந்தால் அவருடைய அறைக்குள் போகக் கூடாது என்பதால், முறைமாறி நிற்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும். அப்படி நிற்பவர் சிங்களம் பேசக்கூடிய மகனாகவோ மருமகனாகவோ இருந்தால் உங்கள் இரண்டாவது கவலையும் தீரும். மருந்துகளின் பெயர், வேளை, அன்றன்றைய இரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஊரிலுள்ள வைத்தியருக்கும் அது உதவும்.

ஊர் திரும்பிய பின் வரும் சிக்கல் நம்முடைய பாசம்தான். சுகம் விசாரிக்க வருகிறவர்கள் சட்டித் தயிரும் வெட்டிய பழமும் கொண்டு வருவார்கள். மாமாங்கக் கோயில் தீர்த்தத்தை ஒரு மிடறாவது குடிக்கச் சொல்லுவார்கள். எதுவும் அவமதிப்பில்லாமல் சாமியறையில் இருக்கட்டும், அவர் வாய்க்குப் போக வேண்டாம். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றியே கொடுங்கள். பச்சைச் சம்பல், அரைவேக்காட்டு முட்டை, ஆறிக் கிடந்த கறி ஆகியவை மருத்துவர் அனுமதிக்கும் வரை வேண்டாம். வீட்டுக்கு வெள்ளையடிப்பது, தரைக்கு மாபிள் பதிப்பது போன்ற வேலைகளை அவர் வருமுன் முடித்துவிடுங்கள், ஏனெனில் அந்தத் தூசியிலுள்ள பூஞ்சணம் அவருடைய நுரையீரலைத் தாக்கலாம். முற்றம் கூட்டுவதும் மாட்டுக்கொட்டில் வேலையும் வேறொருவர் பொறுப்பு. பகலிலும் நுளம்பு வலை கட்டுங்கள். டெங்கு வந்தால் இரத்தம் உறைய உதவும், இன்னும் தேறாத சிறுதட்டுக்கள் மேலும் விழுந்துவிடும். வாசலில் நின்று ஆட்களைத் திருப்பி அனுப்பும் பழியை நீங்கள் சுமக்க வேண்டாம். "டொக்டர் ஒருவரையும் விடக் கூடாது என்றவர்" என்று என் போன்றவர்கள் தலையில் போட்டுவிடுங்கள்.

வெப்பமானி கையோடு இருக்கட்டும். 38 பாகை செல்சியசோ அதற்கு மேலோ காட்டினால், நடுங்கினால், மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பனடோல் கொடுத்துப் பார்க்கவும் கூடாது. சூடு தணிந்துவிடும், கிருமி தணியாது. மகரகம மாற்றுச் சிகிச்சைப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். உள்ளே போனதும் வைத்தியசாலையில் நோய் விபரம் எழுதித் தந்த டயக்னோசிஸ் கார்டை நீட்டி, "ட்ரான்ஸ்பிளான்ட் செய்தவர், காய்ச்சல்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வெண்குருதிக் கலங்கள் குறைந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்கொல்லி ஊசி ஏற வேண்டும்.

களைப்பு மூன்று முதல் ஆறு மாதம் வரை நீளலாம். பள்ளிக்கூடம் போகும் திகதியை இப்போதே குறிக்க வேண்டாம். சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பயன் பெரும்பாலும் அழிந்துவிடுவதால், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் அவற்றை மீண்டும் போடத் தொடங்குவார்கள். உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகள் இரண்டு வருடம் வரை ஆகாது. வீட்டிலுள்ள மற்றவர்கள் இன்ஃபுளுவென்சா ஊசியை அவர் வருமுன் போட்டுக்கொள்ளலாம். அதை உங்களிலிருந்தே தொடங்குங்கள்.