இரு அணியும் கோல் அடிக்குமா: 58 சென்ட் கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் வேலை பார்க்கிறேன். நிகழ்வுகளின் முடிவு மீது பணம் வைக்கும் அமெரிக்க ஆன்லைன் சந்தையான கால்ஷியில் இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஆட்டங்களுக்கு ‘இரு அணியும் கோல் அடிக்கும்’ கான்ட்ராக்டைத் தொடர்ந்து வாங்குகிறேன். பெரும்பாலும் 58 சென்ட்டுக்குக் கிடைக்கிறது. பத்துக்கு ஆறு முறை ஜெயிக்கிறேன். அரசு கண்காணிக்கும் சந்தைதானே? சம்பளத்தில் 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக்குப் பிடிக்கும் தொகையைக் குறைத்து மாதம் 300 டாலர் இதில் போடலாமா? 401(கே)-யில் நான் போடும் தொகைக்குக் கம்பெனியும் டாலருக்கு டாலர் போடுகிறது. கோவையில் இருக்கும் தம்பியும் சேர ஆசைப்படுகிறான்.

பதில்: 401(கே)-யில் தயவுசெய்து கை வைக்காதீர்கள். நீங்கள் 300 போட்டால் கம்பெனி 300 போடுகிறது. அதை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு எந்தக் கால்பந்து ஆட்டமும் உங்களுக்குத் திருப்பித் தராது.

பத்துக்கு ஆறு என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜெயித்தால் ஒரு கான்ட்ராக்டுக்கு 1 டாலர், தோற்றால் ஒன்றுமில்லை. 100 கான்ட்ராக்ட் வாங்க 58 டாலர். கால்ஷியின் வழக்கமான கட்டண வாய்பாட்டின்படி இன்னும் 1.71 டாலர். ஆக 59.71. இப்படி 100 ஆட்டங்களுக்கு 5,971 டாலர் போட்டு, 60-இல் ஜெயித்து 6,000 எடுக்கிறீர்கள். மிச்சம் 29 டாலர். அதுவே 57-இல் ஜெயித்தால் 271 டாலர் நஷ்டம். மூன்றே மூன்று ஆட்டங்கள்தான் வித்தியாசம்!

அந்த மூன்று ஆட்டங்கள் நழுவ அதிகம் தேவையில்லை. ஓர் அணி சராசரியாக 1.6 கோலும் எதிரணி 1.2 கோலும் அடிக்கும் என்று வைத்துக்கொண்டால், எளிய கணக்கில் இருவரும் அடிக்கும் வாய்ப்பு சுமார் 56 சதவீதம். எதிரணியின் முக்கிய ஸ்ட்ரைக்கர் காயத்தால் வெளியே உட்கார்ந்து 1.2 என்பது 1 ஆனால், அது 50 சதவீதமாக இறங்கிவிடும். சீசனுக்குச் சீசனும் மாறும்: பிரீமியர் லீக்கில் 2023-24இல் 1,246 கோல்கள், அடுத்த சீசனில் 1,115. பழைய சீசனை நம்பி விலை சரி என்று வாங்கியவருக்கு என்ன ஆகியிருக்கும், நீங்களே யோசியுங்கள். அணிப் பட்டியல் வெளியான சில நொடிகளில் விலையை மாற்றுபவர்கள்தான் எதிர்ப்பக்கம் இருக்கிறார்கள்.

சரி, அரசு கண்காணிப்பு? கால்ஷி, அமெரிக்க அரசின் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான சிஎஃப்டிசி-யின் கீழ் வருவது உண்மை. அது சந்தையின் நடைமுறைகளைப் பார்க்கும். உங்கள் லாபத்துக்குப் பொறுப்பல்ல. உங்கள் நியூஜெர்சி மாநிலமே 2025 மார்ச்சில் இந்த விளையாட்டுக் கான்ட்ராக்டுகளை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பி, விஷயம் கோர்ட்டுக்குப் போனது. பங்கு வாங்கினால் பின்னால் சம்பாதிக்கும் ஒரு கம்பெனி இருக்கிறது. இங்கே உங்கள் லாபம் இன்னொருவரின் நஷ்டம், நடுவில் கட்டணம் வேறு.

ஆட்டம் பார்க்கும் சுவாரஸ்யத்துக்காக மாதம் 40, 50 டாலர் என்றால், சினிமாச் செலவோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் கணக்கிலிருந்து எல்லா டிரேடுகளையும் எடுத்து, கட்டணத்தையும் கழித்துப் பாருங்கள். ஜெயித்தவைதான் மனதில் நிற்கும்.

தம்பி இதில் இறங்கவே கூடாது. இந்தியாவில் 2025-ஆம் ஆண்டின் ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. லாட்டரிக்கும் கால்பந்துப் பந்தயத்துக்கும் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதிகள் 2000-த்திலிருந்தே அனுமதிப்பதில்லை. உங்கள் பெயரிலுள்ள கணக்கில் அவருக்காக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.