அப்டேட் போட்டாச்சு, ஓடுவது எந்த கெர்னல்?

கேள்வி: டெபியன் 11 சர்வர் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். லினக்ஸின் மையமான கெர்னலில் இருந்த ‘டர்ட்டி பைப்’ என்ற பாதுகாப்பு ஓட்டை பற்றிச் செய்தி வருவதற்கு முன்பு கடைசியாக ரீபூட் செய்தது. ஆனால் ‘ஆப்ட் அப்கிரேட்’ தவறாமல் போடுகிறேன். பயிற்சி மாணவர்களுக்கும் லாகின் கொடுத்திருக்கிறோம். முக்கியமான ஃபைல்கள் அவர்களுக்கு ரீட்-ஒன்லிதான். பயப்பட வேண்டுமா?

பதில்: ஆமாம், இந்த வாரமே கவனியுங்கள். அப்கிரேட் புதிய கெர்னலை டிஸ்கில் கொண்டுவந்து வைக்கிறது, அவ்வளவுதான். மெமரியில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது கடைசி பூட்டில் ஏறிய பழைய கெர்னல்.

ரீட்-ஒன்லி இங்கே கைகொடுக்காது. லினக்ஸ் ஒரு ஃபைலைப் படிக்கும்போது அதை 4096 பைட் பக்கங்களாகப் பேஜ் கேஷ் என்னும் மெமரிப் பகுதியில் வைத்துக்கொள்கிறது. ‘ஸ்ப்ளைஸ்’ என்ற கெர்னல் வசதி மூலம் ஃபைலை ஒரு பைப்புக்குள் (ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டா போகும் குழாய்) அனுப்பினால் நகல் எடுப்பதில்லை. பைப்பின் பஃபர் (டேட்டாவைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் இடம்) அதே பக்கத்தையே சுட்டும். ‘இந்தப் பக்கத்திலேயே தொடர்ந்து எழுதலாம்’ என்று சொல்லும் ஃபிளாக் (அடையாளக் குறி) ஒன்று பஃபரில் இருக்கிறது. பஃபரை மறுபடி பயன்படுத்தும்போது அதைச் சுத்தம் செய்யாமல் விட்டதுதான் பிழை. முன்பு ஒட்டிய அனுமதி அப்படியே நிற்க, அடுத்து பைப்பில் எழுதுவது நேராக ஃபைலின் கேஷ் பக்கத்தில் விழும். பெர்மிஷன் சோதனை ஃபைலைத் திறந்தபோதே முடிந்துவிட்டது. இந்த இடத்தில் கேட்க ஆளில்லை. படிக்க முடிந்த எவரும் மாற்றலாம்.

பிழை கெர்னலின் 4.9 வெர்ஷனிலேயே இருந்தது, 5.8-ல்தான் ஆபத்தானது. மாக்ஸ் கெல்லர்மான் என்ற புரோகிராமர் இதைக் கண்டுபிடித்த விதம் அருமை. லாக் ஃபைல்கள் சில கெட்டுப்போயிருந்தன. ஜிஜிப்பில் சுருக்கிய அந்த ஃபைலின் கடைசி 8 பைட்டில் ஜிப் ஃபைலின் தலைப்பு உட்கார்ந்திருந்தது. அந்த 8 பைட்டை விடாமல் துரத்திக் கெர்னல்வரை போனார். 2022 மார்ச் 7 அன்று வெளியிட்டார்.

ஓடும் கெர்னலைத் தெரிந்துகொள்ள ‘யூநேம் -ஆர்’ கட்டளை காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ‘யூநேம் -வி’ போடுங்கள்; டெபியனின் முழு வெர்ஷன் அதில்தான் வரும். 5.10.92-2 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த ஓட்டை அடைபட்டது. லினக்ஸின் மூல கெர்னலில் 5.10.102-ல்தான் திருத்தம் வந்தது என்று படித்துக் குழம்ப வேண்டாம். டெபியன் அந்தத் திருத்தத்தைத் தன் 5.10.92-2-லேயே சேர்த்துவிட்டது. புரோகிராம்களைத் தனித்தனி கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரை வைத்திருந்தால், இமேஜைப் புதுப்பித்துப் பயனில்லை. கன்டெய்னர்கள் எல்லாம் ஹோஸ்டின், அதாவது உங்கள் சர்வரின், கெர்னலில்தான் ஓடுகின்றன.

அவசரப்பட்டு உடனே ரீபூட் செய்துவிடாதீர்கள். இந்த வழியில் செய்த மாற்றம் கேஷில் மட்டுமே இருக்கும், தானாக டிஸ்குக்குப் போகாது. யாராவது ஏற்கெனவே கைவைத்திருந்தால், ரீபூட்டில் அந்தத் தடயம் போய்விடும். முதலில் யூசர்களின் பட்டியலான ‘பாஸ்வேர்ட்’ ஃபைலில் (/etc/passwd) ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள யூசரின், வரியைப் பாருங்கள். பக்கத்தின் முதல் பைட்டை இந்த ஓட்டையால் தொட முடியாது, மாற்றியிருந்தாலும் வரி வழக்கம்போல ‘ரூட்’ என்றே தொடங்கலாம். அடுத்து வரும் ‘எக்ஸ்’ (பாஸ்வேர்ட் வேறு ஃபைலில் இருக்கிறது என்ற குறி) இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆனால் அது இருப்பதாலேயே நிம்மதி அடைய முடியாது. ஒருமுறை ரூட் ஆனவர் கேஷைத் திரும்ப ஒழுங்காக்கிவிட்டு வேறு வழி வைத்திருக்கலாம். எஸ்எஸ்ஹெச் கீகள் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் சாவிகள்), புதிய யூசர்கள், செட்யுஐடி புரோகிராம்கள் (யார் ஓட்டினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடுபவை), கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) எல்லாவற்றையும் பழைய பேக்கப்போடு ஒப்பிடுங்கள். சந்தேகப்படும்படி ஒன்று சிக்கினாலும் சர்வரைப் புதிதாகவே நிறுவுங்கள், ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள்.

எதுவும் சிக்காவிட்டால் மாணவர்களின் லாகினை நிறுத்திவைத்து ரீபூட் செய்யுங்கள். எழுந்ததும் மறுபடி ‘யூநேம் -வி’ பார்த்துவிட்டு லாகினைத் திறந்துவிடுங்கள்.