பெட்டியின் அடி

அன்புள்ள ஐயா,

எனக்கு உச்சிப்புளி பக்கம். வேலை சென்னையில். ஊர் வரலாற்றை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எழுத உட்கார்ந்தால் கையில் ஒன்றும் இல்லை. ராமேஸ்வரம் பிரகாரத்தை விட்டால் எங்கள் கடற்கரையில் கலை என்று சொல்ல என்ன இருக்கிறது? தஞ்சாவூர் மாதிரி ஓவியம் இல்லை, செட்டிநாடு மாதிரி வீடு இல்லை, எங்கள் கிராமத்தில் ஒரு கல்வெட்டுகூட இல்லை. அப்பத்தா முடைந்த ஓலைப்பெட்டிகள் பரணில் கிடக்கின்றன. இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது, முடைவதில்லை. அதெல்லாம் கலையில் சேருமா? பெட்டிகளின் பாரம்பரிய வண்ணம் மங்கிக்கொண்டு வருகிறது, வார்னிஷ் அடித்து வைக்கலாமா? எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வேலையை ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த வார்னிஷ் டப்பாவைக் கீழே வையுங்கள்.

ஓவியம் இல்லை என்கிறீர்கள். ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துக்குள் நீங்கள் கால் வைத்ததே இல்லை போலிருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதிகள் சுவரெல்லாம் வரைய வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கல்வெட்டு இல்லாததற்கு அழ வேண்டியதில்லை. கல்லில் வெட்டக் காசு வேண்டும், காசு வைத்திருந்தவர் சொல்ல நினைத்தது மட்டும்தான் கல்லில் இருக்கும். கலையில் சேருமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. சேர்ந்தால் பெட்டிக்கு என்ன, சேராவிட்டால் என்ன.

உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் வேறு. அண்மையில் ஒரு கைவினைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். நம் பக்கத்து ஓலைப்பெட்டிகளைக் கண்ணாடிக்குள் பூட்டி, மேலே விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். எதையும் கவிழ்த்துப் பார்க்க முடியாது. அங்கே பிடித்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டது.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் அழகன்குளம், வைகை கடலில் சேரும் இடம். 1980-களில் தொடங்கிப் பல கட்டமாக அங்கே தோண்டினார்கள். ரோமானியக் காசு கிடைத்தது. எனக்குப் பிடித்தது ஒரு பானை ஓடு, யாரோ அதில் ஒரு கப்பலைக் கீறி வைத்திருக்கிறார். கொஞ்சம் தெற்கே பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள், 13, 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சரி, அந்தக் கப்பல்களில் சரக்கை எதில் கட்டி ஏற்றினார்கள்? ஓடு மண்ணுக்குள் கிடக்கும், ஓலை மட்கிவிடும். தோண்டி எடுக்க முடியாத பாதி வரலாறு, முடையத் தெரிந்த கைகளில்தான் மிச்சம் இருக்கிறது.

என் பெரியம்மா ரெகுநாதபுரம் பக்கம். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை எடுத்துவிட்டு, ஒரே அகலத்தில் வகிர்ந்து, ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பார். காய்ந்த ஓலை மடக்கும் இடத்தில் ஒடிந்துவிடும். தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, ஒரு மூலையைக் காலால் மிதித்துக்கொண்டு சதுரமாக முடைந்துகொண்டே போவார். நடுநடுவே சாண் வைத்துப் பார்ப்பார். அடி போடும்போது மட்டும் வாயைத் திறக்க மாட்டார். சதுரம் சரியாக வந்து, மூலையை மடக்கிப் பக்கம் ஏற்ற ஆரம்பித்ததும் பேச்சு வந்துவிடும். ஊர் வம்பு அத்தனையும் பக்கச் சுவரில்தான் முடையப்படும். "பக்கத்த எவ வேணாலும் முடைஞ்சிருவா, அடிதான்டா பொட்டி" என்பார்.

எந்தச் சரக்குக்கு எந்த அடி என்று அவருக்குக் கணக்கு உண்டு. கருவாட்டுக்கு அடி இரட்டை ஓலை, பக்கம் கொஞ்சம் நெகிழ்வாக இருக்க வேண்டும், காற்றுப் போகாவிட்டால் கருவாடு வியர்த்துப் பூசணம் பிடிக்கும். கருப்பட்டிக்கு நேர்மாறு. ஈரக்காற்றுப் பட்டால் இளகிவிடும், நெருக்கி முடைந்து மூடியும் போட வேண்டும். கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பைக் கிண்டுகிறவர்கள் கேட்டது கொட்டான், அதாவது சின்ன ஓலைப்பெட்டி. எண்ணெய் கசிகிற பண்டம், அடி இறுக்கமாக இல்லாவிட்டால் வாங்கிப் போகிறவர் வேட்டி போய்விடும். ஒரு கருவாட்டு வியாபாரி முன்பணம் கொடுத்துவிட்டு, அடி ஒரு விரல் குறைந்தால்கூடப் பெட்டியைக் கழித்துவிடுவார். கழித்த பெட்டிக்குக் காசு கிடையாது, பெட்டியைத் திருப்பியும் தர மாட்டார். அந்த ஒரு விரலில்தான் அவர் மாடி வீடு கட்டினார் என்பது எங்கள் வீட்டு வரலாறு.

இப்போது புரிகிறதா நான் ஏன் அடி, அடி என்கிறேன் என்று? அந்தச் சதுரத்தின் அளவு பெரியம்மா வைத்ததா? கொழும்புச் சந்தை வைத்தது. 1914-ல் பாம்பன் பாலம் வந்தது, ரயிலை விட்டு இறங்கித் தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னார் போகலாம் என்று ஆனது. கருவாடும் அந்த வழியில் அக்கரைக்குப் போனது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை முடித்தது. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் இலங்கைப் போரோடு நின்றது. இந்தப் பக்கம் ஐஸும் லாரியும் வந்து மீன் பச்சையாகவே வெளியூர் போக ஆரம்பித்தது. பிளாஸ்டிக் கூடையைச் சொல்லவே வேண்டாம். இன்று முடைகிறவர்கள் தாம்பூலத்துக்கும் கொலுவுக்கும் கைக்குள் அடங்குகிற பெட்டியாக முடைகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ரெண்டு வெற்றிலைக்கு மேல் கனம் தாங்காத அடி.

இன்னொன்றும் உண்டு. மரமேறி ஓலை வெட்டியவர் ஒரு சாதி, முடைந்தவர் வேறு, மீன் பிடித்தவர் வேறு, வாங்கி விற்றவர் வேறு மதம். ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காத காலத்திலும் பெட்டி எல்லார் வீட்டுக்குள்ளும் போய் வந்தது. இத்தனை பேரையும் ஒன்றாகச் சொல்லும் கல்வெட்டு ஒன்றை எனக்குக் காட்டுங்கள்.

பாரம்பரிய வண்ணம் என்று எழுதியிருக்கிறீர்களே, சந்தையில் பொட்டலமாக வாங்கி வெந்நீரில் கொதிக்க வைக்கிற சாயப்பொடி அது. 1856-ல் லண்டனில் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் மலேரியாவுக்கு மருந்து செய்யப் போய் ஊதாச் சாயம் செய்துவிட்டான். அவன் வழியில் வந்த சரக்குதான் அப்பத்தாவின் ரோஸும் ஊதாவும். அதில் குற்றம் ஒன்றுமில்லை, அவருக்கு அந்த நிறம் பிடித்திருந்தது. மங்கினால் மங்கட்டும். வார்னிஷ் அடித்தால் ஓலைகளின் விளிம்பெல்லாம் ஒட்டிக்கொள்ளும், எந்த ஓலை எதற்கு அடியில் போகிறது என்று பிறகு யாரும் பார்க்க முடியாது.

புத்தகம் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற வெள்ளைக்காரர் 1914-ல் சங்கைப் பற்றி எழுதியது இருக்கிறது, நம் கடலில் சங்கு குளித்தவர்களும் அதில் வருவார்கள். அதை அப்புறம் படிக்கலாம். அப்பத்தாவை வீட்டில் வைத்துக்கொண்டு என்னிடம் புத்தகம் கேட்பது எந்த ஊர் நியாயம்? கை நடுங்குகிறது என்று எழுதிவிட்டு, பொங்கல்வரை எப்படித் தள்ளிப் போட மனம் வந்தது உங்களுக்கு? இந்த சனிக்கிழமையே ரயில் ஏறுங்கள். பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கி அவர் முன்னால் வையுங்கள். யாருக்காக முடைந்தது, என்ன விலை போனது, ஓலை யார் கொண்டுவந்து போட்டார், எந்தப் பெட்டியைக் கழித்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டிசைனுக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் கேட்டுத் தொலைக்காதீர்கள், நீங்கள் ஆசைப்படுகிறீர்களே என்று பாவம் ஏதாவது ஒன்றைச் சொல்லிவைப்பார்.

எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டு, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, படம் எடுத்து அனுப்புங்கள். வண்ணம் தெரிகிற படம் எனக்கு வேண்டாம்.