பெற்றோரைக் கனடாவுக்கு அழைத்து வருதல்: விசா முதல் குளியலறை வரை – கேள்வி பதில்

ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவைக் கனடாவில் தங்களோடு வைத்துக்கொள்ள நினைக்கும் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் இவை. விசாவைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விசா சில மாதத்து வேலை. காப்பீடும் மருந்தும் அவர்கள் இங்கே இருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் உரிய வேலை. அதனால் அவை இரண்டையும் நீட்டியே எழுதியிருக்கிறேன். தொகைகள் எல்லாம் கனடிய டாலரில்.

மிசிசாகாவிலிருந்து: அக்கா, எனக்கு பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) இருக்கிறது. அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66, மதுரையில் இருக்கிறார்கள். ஸ்பான்சர் செய்து நிரந்தரமாகக் கூட்டிவருவதா, சூப்பர் விசாவா?

ஸ்பான்சர் செய்வது உங்கள் கையில் இல்லை. குடிவரவுத் துறை அழைத்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். 2025-இல் அனுப்பிய அழைப்புகள்கூட 2020-இல் விருப்பப் படிவம் கொடுத்து வைத்தவர்களுக்குத்தான் போயின. அழைப்பு வந்தாலும் மூன்று வரி ஆண்டுகளுக்கு வருமானம் காட்ட வேண்டும். 20 ஆண்டுகள் அவர்களைத் தாங்குவதாகக் கையெழுத்தும் போட வேண்டும். கியூபெக்கில் 10 ஆண்டுகள். 71 வயது அப்பாவை அந்த வரிசையை நம்பிக் காக்க வைக்காதீர்கள்.

சூப்பர் விசா என்பது நீண்ட காலம் தங்க உதவும் வருகையாளர் விசா. அதில் ஒருமுறை நுழைந்தால் 5 ஆண்டுகள் தங்கலாம். 2022 ஜூலை 4-க்கு முன் இது இரண்டு ஆண்டாக இருந்தது. விசா அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குக் கிடைக்கும், ஆனால் பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியைத் தாண்டாது. எனவே பாஸ்போர்ட்டில் மூன்று நான்கு ஆண்டுகள்தான் மீதி என்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். பலர் இதை விட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். சூப்பர் விசா பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் மட்டும்தான். கூடவே இருக்கும் தங்கையையோ சித்தியையோ அதில் சேர்க்க முடியாது.

பிராம்ப்டனிலிருந்து: நான், மனைவி, இரண்டு குழந்தைகள். பெற்றோர் இருவரும் வர வேண்டும். எவ்வளவு சம்பளம் காட்ட வேண்டும்?

வரப்போகிறவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். உங்கள் கணக்கு நான்கு அல்ல, ஆறு. 2025 ஜூலையில் வந்த அட்டவணைப்படி ஆறு பேருக்கு ஆண்டுக்கு 72,560 டாலர், நான்கு பேருக்கு 56,724. அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும், விண்ணப்பிக்கும் நாளில் உள்ளதைப் பாருங்கள். உங்கள் வருமானம் போதாவிட்டால் மனைவியும் சேர்ந்து கையெழுத்திடலாம், இருவர் வருமானமும் கூடும். முன்பே மாமனார் மாமியாருக்குச் சூப்பர் விசாவுக்காகக் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர்களும் எண்ணிக்கையில் வருவார்கள். வருமான வரித் துறை அனுப்பும் மதிப்பீட்டு அறிக்கைதான் மிக வலுவான சான்று. வரி கட்டாமல் கையில் வாங்கிய கூலிக்கு இங்கே மதிப்பில்லை.

விசாவுக்கு ஒருவருக்கு 100 டாலர், கைரேகைக்கு 85. குடும்பமாகச் சேர்ந்து விண்ணப்பித்தால் கைரேகைக்கு மொத்தம் 170-க்கு மேல் போகாது.

ஸ்கார்பரோவிலிருந்து: அக்கா, அம்மா யாழ்ப்பாணத்தில தனிய இருக்கிறா. 81 வயசு. அவவின்ர பாஸ்போர்ட்டில ஒரு பேர், என்ர பிறப்புப் பத்திரத்தில வேற மாதிரி. பிரச்சினை வருமோ? கைரேகைக்குக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போக வேணுமோ?

கைரேகைக்குப் போக வேண்டாம். 79 வயதைக் கடந்தவர்களிடம் அதைக் கேட்பதில்லை. மருத்துவப் பரிசோதனை மட்டும் கட்டாயம், அதுவும் கனடா அங்கீகரித்த மருத்துவரிடம்தான். குடும்ப மருத்துவர் தரும் சான்று செல்லாது.

பெயர் வேறுபாடு நம் ஆட்களுக்கு எப்போதும் வரும் தொல்லை. ஓரிடத்தில் 'கமலா', இன்னோர் இடத்தில் 'கமலாம்பாள்'. ஓரிடத்தில் அப்பா பெயர் முன்னெழுத்து, இன்னோர் இடத்தில் குடும்பப் பெயர். இரண்டு பெயரும் ஒருவருக்கே உரியவை என்று சத்தியக் கடதாசி முடித்து, இரண்டு பெயரையும் இணைத்துக் காட்டும் பழைய ஆவணம் ஒன்றை, திருமணப் பதிவு போல, கூடவே வையுங்கள். தமிழில் இருக்கும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதை நீங்களே செய்யக்கூடாது, உறவினரும் செய்யக்கூடாது.

அம்மாவுக்கு எப்போதாவது சயரோகம் வந்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். எக்ஸ்-ரேயில் பழைய தழும்பு தெரிந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள். கிருமி வளர்கிறதா என்று பார்க்க எட்டு வாரம் வரை ஆகும். அந்த நேரத்தில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தால் பணம் போகும். பழைய சிகிச்சைத் துண்டுகள் இருந்தால் கையோடு கொடுத்துவிட வேண்டும்.

கால்கரியிலிருந்து: எங்கள் விண்ணப்பம் 'திரும்பிப் போவார்கள் என்று நம்பிக்கை இல்லை' என்று மறுக்கப்பட்டது. மறுபடி போடலாமா?

போடலாம், அதே காகிதங்களோடு அல்ல. ஐந்து டாலர் கட்டித் தகவல் உரிமை விண்ணப்பம் போட்டு, அதிகாரி எழுதிய குறிப்பை முதலில் வாங்கிப் படியுங்கள். மறுப்புக் கடிதத்தில் உள்ள ஒற்றை வரியைவிட அதில் காரணம் தெளிவாக இருக்கும். அதன் பிறகு ஓய்வூதிய ஆணை, வீட்டுப் பத்திரம், ஊரில் இருக்கும் மற்றப் பிள்ளைகளின் விவரம் எல்லாம் சேருங்கள். அழைப்புக் கடிதத்தில் 'இனிமேல் எங்களோடுதான் இருப்பார்கள்' என்று பாசத்தில் எழுதிவிடுகிறார்கள். அந்த வரியே விண்ணப்பத்தைக் கவிழ்க்கும். சூப்பர் விசா வருகையாளருக்கு உரியது.

எட்மன்டனிலிருந்து: காப்பீடு எதை வாங்குவது? எல்லாம் ஒரு லட்சம் டாலர்தானே, மலிவானதை எடுத்தால் போதாதா?

போதாது. நான் மிகவும் கவலைப்படும் இடம் இதுதான். ஒரு லட்சம் டாலர், நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு என்பது விசா அதிகாரியின் கணக்கு. மருத்துவமனையில் படுக்கும்போது நிறுவனம் பணம் கட்டுமா என்பது வேறு கணக்கு. அதைத் தீர்மானிப்பது பாலிசியில் 'நிலையாக இருந்த நோய்' என்று எழுதியிருக்கும் பகுதி.

அப்பாவுக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது என்று வையுங்கள். பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 90, 120 அல்லது 180 நாட்கள் (நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்) அந்த நோயில் எந்த மாற்றமும் இல்லாதிருந்தால் மட்டுமே அதனால் வரும் அவசரத்துக்குப் பணம் கிடைக்கும். மாற்றம் என்றால் நோய் முற்றுவது மட்டும் அல்ல. மாத்திரை கூடினாலும் மாற்றம், குறைந்தாலும் மாற்றம். 'எதற்கும் ஒரு எக்கோ எடுத்துப் பாருங்கள்' என்று மருத்துவர் எழுதித் தந்து நீங்கள் எடுக்காமல் வந்தால், நிலுவையில் உள்ள சோதனை என்று அதுவும் சேரும்.

இதனால்தான் 'கிளம்புவதற்கு முன் ஒரு முழுப் பரிசோதனை' என்ற நல்ல பழக்கம் இங்கே எதிராகத் திரும்புகிறது. பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பரிசோதித்து மருந்தை மாற்றினால், இறங்கிய மறுநாள் வரும் மாரடைப்புக்குக் கைக்காசுதான். பரிசோதனையை ஆறேழு மாதம் முன்பே முடித்து, மருந்தை ஒழுங்குபடுத்தி, பிறகு அப்படியே வைத்திருங்கள். நடுவில் மாற்றம் தேவைப்பட்டால் பயணத்தைத் தள்ளுங்கள், சிகிச்சையைத் தள்ளாதீர்கள்.

உடல்நலக் கேள்விப் படிவத்தை ஊரில் உள்ள மருத்துவக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். 'லேசான சர்க்கரைதான், எழுத வேண்டாம்' என்று விட்டது தெரிந்தால் பாலிசியே செல்லாமல் போகும். முதலில் நம் கையிலிருந்து கட்டும் தொகையை 1,000, 5,000 என்று ஏற்றினால் பிரீமியம் குறையும். ஆனால் அது ஒவ்வொரு முறையுமா, பாலிசிக்கு ஒரே முறையா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அவசரத்தில் மருத்துவமனைக்குப் போகும்போதே நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு யாராவது பேச வேண்டும். தாமதித்தால் தொகையைக் குறைக்கும் விதி பல பாலிசிகளில் உண்டு. வழக்கமான சர்க்கரை சோதனை, தினசரி மாத்திரை, டயாலிசிஸ் எதுவும் இதில் வராது.

மாநிலக் காப்பீடு சூப்பர் விசாவில் வந்தவர்களுக்குக் கிடையாது. ஓராண்டு முடிவதற்கு முன்பே, ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் காப்பீட்டைப் புதுப்பியுங்கள்.

ஒட்டாவாவிலிருந்து: அம்மா இன்சுலின் போடுகிறார். ஓராண்டுக்கு மருந்து வாங்கி வந்துவிடலாமா?

90 நாட்களுக்கு உரிய அளவுதான். மருந்துக் கடையின் லேபிளோடு, அட்டையைப் பிரிக்காமல், மருத்துவரின் சீட்டோடு வர வேண்டும். இன்சுலின் கைப்பையில்தான்; சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலினை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது.

அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். நம் ஊரில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் யூ-40, ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்குரிய ஊசி சிவப்பு மூடி போட்டது. கனடாவில் குப்பி யூ-100. ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்பு மூடி ஊசியில் இங்கே வாங்கிய இன்சுலினை அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். சர்க்கரை தடாலென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. ஊரிலேயே, பயணத்துக்குப் பல மாதம் முன்பே, பேனா இன்சுலினுக்கு மாறிவிடுவது நல்லது.

சர்க்கரை அளவு இங்கே மில்லிமோலில் சொல்லப்படும். நம் ஊர் மில்லிகிராம் எண்ணை 18-ஆல் வகுங்கள்: 126 என்பது 7.0, 180 என்பது 10, 70 என்பது 3.9. இங்கே வாங்கிய கருவியில் '4' என்று பார்த்து அம்மா பதறவும் கூடாது, '15' என்று பார்த்து 'குறைவுதானே' என்று இருந்துவிடவும் கூடாது. 15 என்றால் 270.

ஒரே மாத்திரையில் மூன்று மருந்து கலந்து தருவது நம் ஊர் வழக்கம். அதில் சேரும் வோக்லிபோஸ், டெனெலிகிளிப்டின் போன்ற சர்க்கரை மருந்துகள் கனடியக் கடைகளில் இல்லை. இங்கே வந்து மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றினால் அடுத்த ஆண்டுக் காப்பீட்டில் அது 'மாற்றம்' ஆகிவிடும். ஊர் மருத்துவரிடமே சொல்லி இரண்டு நாட்டிலும் கிடைக்கும் தனித்தனி மருந்துகளுக்கு முன்கூட்டியே மாறுங்கள். சீட்டில் கம்பெனிப் பெயர் போதாது, மருந்தின் மூலப்பெயரை எழுதச் சொல்லுங்கள்.

மார்க்கமிலிருந்து: இருவரும் முதன்முறை விமானம் ஏறுகிறார்கள். இங்கிலீஷ் தெரியாது. என்ன சொல்லி அனுப்புவது?

நடக்க முடிந்தாலும் சக்கர நாற்காலி கேளுங்கள். குறைந்தது 48 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள். விமானம் மாறும் இடத்தில் அவர்களைக் கைப்பிடித்துக் கொண்டுபோக ஓர் ஆள் கிடைப்பதுதான் இதன் பெரிய பயன். அமெரிக்கா வழியாக டிக்கெட் எடுக்காதீர்கள். விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா கேட்பார்கள்.

காப்பீட்டுப் பத்திரம், உங்கள் அழைப்புக் கடிதம், வீட்டு முகவரி மூன்றும் அச்சிட்டு அப்பாவின் சட்டைப் பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல. எல்லை அதிகாரியிடம் 'சூப்பர் விசா' என்ற இரண்டு சொல் போதும். வெளியே வந்ததும் பாஸ்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே பாருங்கள். 5 ஆண்டுக்குக் குறைவான தேதி எழுதியிருந்தால் விமான நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்.

விட்பியிலிருந்து: வீட்டில் என்ன மாற்றம் செய்ய வேண்டும்? கீழ்த்தளத்து அறை காலியாக இருக்கிறது.

கீழ்த்தள அறை வேண்டாம். படிக்கட்டு, குளிர், வெளிச்சக் குறைவு மூன்றும் சேர்ந்த இடம் அது. கழிப்பறை இருக்கும் தளத்திலேயே படுக்கை இருக்கட்டும்.

இங்கே குளியல் தொட்டிக்கு வெளியே தரையில் தண்ணீர் போகத் துளை கிடையாது. வாளியும் கப்பும் வைத்துக் குளித்துப் பழகியவர்கள் முதல் வாரத்திலேயே தரையை நனைத்து வழுக்கி விழுவது இதனால்தான். தொட்டியின் விளிம்பைக் காலைத் தூக்கித் தாண்டுவது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு முடியாது. தொட்டிக்கு உள்ளே இரண்டு கால், வெளியே இரண்டு கால் நிற்கும் நீளப் பலகை மருந்துக் கடைகளில் கிடைக்கும். அதில் உட்கார்ந்தபடியே நகர்ந்து உள்ளே போகலாம். கைப்பிடியைச் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் திருகாணியால் முடுக்குங்கள்; சட்டங்கள் பெரும்பாலும் 16 அங்குல இடைவெளியில் இருக்கும். உறிஞ்சி ஒட்டும் கைப்பிடி ஆள் எடையைத் தாங்காது.

911 அழைக்கப் பழக்குங்கள். 'தமிழ்' என்று மொழியைச் சொல்லிவிட்டு இணைப்பிலேயே இருந்தால் மொழிபெயர்ப்பாளரைச் சேர்ப்பார்கள். வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்.

வான்கூவரிலிருந்து: அப்பா அரசு ஓய்வூதியர். வாழ்நாள் சான்று, வீட்டு வாடகை எல்லாம் எப்படி?

வாழ்நாள் சான்றை இந்தியத் துணைத் தூதரகத்தில் வாங்கலாம். ஆதாரோடும் வங்கியோடும் இணைந்த கைபேசி எண்ணை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள். ரீசார்ஜ் விட்டு அந்த எண் போனால் ஓ.டி.பி. வராது, எல்லாம் நின்றுவிடும். வாடகையைக் கவனிக்க ஊரிலிருக்கும் உறவினருக்கு அதிகாரப் பத்திரம் இங்கிருந்து கொடுப்பதானால் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். இந்தியாவில் பெற்ற மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். கிளம்பும் முன் ஊரிலேயே பதிவு செய்து கொடுத்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

ஏஜாக்ஸிலிருந்து: அப்பா போன பிறகு அம்மா தனியாக இருக்கிறார், 68 வயது. 'அங்கே வந்து நான் என்ன செய்வேன்' என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

சம்மதிக்க வைக்காதீர்கள், பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். முதல் முறை மே மாதம் வந்து அக்டோபரில் திரும்பும்படி டிக்கெட் எடுங்கள். அந்த ஆறு மாதத்தில் தனியாகப் பூங்காவுக்கு நடக்கவும், பஸ் ஏறவும், பேச்சுத் துணை தேடிக்கொள்ளவும் முடியும். ஜனவரியில் வந்து இறங்கியவருக்கு வீட்டுச் சுவர்தான் கனடா. உங்கள் பகுதியில் தமிழ் முதியோர் சங்கங்கள் உண்டு, ரிச்மண்ட் ஹில்லில் விநாயகர் கோயில் உண்டு, டொரன்டோ நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. ஆனால் வாரநாளில் அவரை அங்கே கொண்டுபோய் விடுவது யார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். பேரக் குழந்தையோடு விளையாடுவது அவருக்கு மகிழ்ச்சி. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை இரண்டு வயதுக் குழந்தையைத் தனியாகப் பார்ப்பது 68 வயது முதுகுக்கு ஆகாது. பகல் காப்பகத்துக்கு வாரம் மூன்று நாளாவது பணம் ஒதுக்குங்கள்.

ஊர் வீட்டை விற்க வேண்டாம், வாடகைக்கும் விட வேண்டாம், பூட்டி வையுங்கள். காப்பீட்டை ஓராண்டுக்குத்தான் வாங்க வேண்டும் என்றாலும், பணம் கோராமல் முன்கூட்டியே திரும்பினால் பெரும்பாலான நிறுவனங்கள் மீதி மாதங்களுக்குப் பணம் திருப்பித் தரும். வாங்கும்போதே அந்த விதியைப் படித்துவிட்டு, திரும்பும் விமானத்தின் போர்டிங் பாஸைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். பணம் திரும்பக் கேட்கும்போது அதைத்தான் சான்றாகக் கேட்பார்கள்.