மகள் மல்யுத்தம் என்கிறாள். சம்பளம் யார் தருவார்கள்?

சேலத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பத்தாம் வகுப்பு மகள் மாநிலப் போட்டியில் 49 கிலோ பிரிவில் மூன்றாமிடம் வந்திருக்கிறாள். இனி முழுநேரமும் மல்யுத்தம்தான், பதினொன்றாம் வகுப்பைத் தபால் வழியில் படித்துக்கொள்கிறேன் என்கிறாள். "சாக்‌ஷி மாலிக் மாதிரி ஆகிவிட்டால் சரி, ஆகாவிட்டால்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சாக்‌ஷி ஒலிம்பிக் வெண்கலம் வாங்கிய நாளையே கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

2016 ஆகஸ்ட் 17, ரியோ ஒலிம்பிக், பெண்கள் 58 கிலோ. தங்கம் ஜப்பானின் கவோரி இச்சோவுக்கு. 2004, 2008, 2012-ல் 63 கிலோவில் வென்றவர், 58-க்கு இறங்கி நான்காவது தங்கத்தையும் எடுத்தார். எந்த விளையாட்டிலும் தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் பெண் அவர்தான். இறுதியில் ரஷ்யாவின் வலேரியா கோப்லோவாவிடம் 1-2 எனப் பின்தங்கி, கடைசி நொடிகளில் 3-2 என்று திருப்பினார். அதே கோப்லோவாவிடம்தான் காலிறுதியில் சாக்‌ஷி 2-9 எனத் தோற்றிருந்தார். மல்யுத்தத்தில் உங்களைத் தோற்கடித்தவர் இறுதிக்குப் போனால், உங்களுக்கு வெண்கலத்துக்கான ஆறுதல் சுற்று திறக்கும். அங்கே சாக்‌ஷி முதலில் வென்றது மங்கோலியாவின் ஓர்கோன் புரெவ்தோர்ஜை. அந்த ஜனவரியில் இச்சோவையே 10-0 என வீழ்த்தி அவருடைய பல்லாண்டுத் தொடர் வெற்றியை முறித்தவர் அவர். பிறகு கிர்கிஸ்தானின் ஐசுலு டைனிபெகோவாவை, 0-5-லிருந்து எழுந்து 8-5 என வென்றார்.

கோப்லோவா இறுதிக்கு வராமல் போயிருந்தால் சாக்‌ஷிக்கு அந்த மெடல் இல்லை. அன்றைய தேதியில் அவரைவிட வலுவானவராகக் கருதப்பட்டிருக்கக்கூடிய புரெவ்தோர்ஜ் வெறுங்கையோடு திரும்பினார். சாக்‌ஷியின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. கோப்லோவா அரையிறுதியில் சறுக்கியிருந்தாலும் சாக்‌ஷியின் மாதச் சம்பளம் நிற்காது, ஏனென்றால் அப்போதே அவர் வடக்கு ரயில்வே ஊழியர். மெடலுக்குப் பிறகு கிடைத்தது பதவி உயர்வும் பரிசுத் தொகையும். இச்சோவுக்குப் பின்னாலும் அல்சோக் என்ற பெரிய பாதுகாப்புச் சேவை நிறுவனம் இருந்தது. ஜப்பானில் பல விளையாட்டுகளில் இதுதான் வழக்கம்: பல்கலைக்கழகம் வளர்க்கும், பிறகு ஒரு நிறுவனம் ஊழியராக எடுத்துக்கொண்டு பயிற்சிக்கு விடும். நம் நாட்டில் அந்த வேலையை ரயில்வே, ராணுவம், காவல் துறை, துணை ராணுவம் செய்கின்றன.

ஆகவே "என் மகள் ஒலிம்பிக் போவாளா?" என்பதைத் தள்ளி வையுங்கள். 18 வயதிலிருந்து 30 வரை அவளுக்குச் சம்பளம் யார் தருவார்கள் என்பதுதான் நீங்களும் நானும் திட்டமிடக்கூடிய விஷயம். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஃப்ரீஸ்டைல் என்ற மல்யுத்த வகை மட்டும், 50, 53, 57, 62, 68, 76 என்று ஆறு எடைப் பிரிவு, ஒவ்வொன்றிலும் உலகம் முழுவதிலிருந்தும் 16 பேர், ஒரு நாட்டுக்கு ஒருவர். இந்தியா முழுவதற்கும் அதிகபட்சம் ஆறு இடம். ரயில்வே வேலை அவ்வளவு குறுகலான வாசல் அல்ல. ஆனால் அதற்குக் காகிதம் வேண்டும்.

அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் திறமையான பிள்ளைகள் அதிகம் இடறுவது இங்கேதான். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டில் போட்டிகளுக்கு நான்கு வகைச் சான்றுப் படிவம் உண்டு. படிவம் 1, நாட்டுக்காக ஆடியதற்கு. தேசியக் கூட்டமைப்பின் செயலாளர் கையெழுத்திட வேண்டும். படிவம் 2, மாநிலத்தின் சார்பில் தேசியப் போட்டியில் ஆடியதற்கு. மாநிலச் சங்கச் செயலாளர். படிவம் 3, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு; பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பாளர். படிவம் 4, தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு. கல்வித் துறை உயரதிகாரி. உங்கள் மகளிடம் இப்போது இருக்கும் மாநில மூன்றாமிடச் சான்று இந்த நான்கில் எதிலும் வராது. கசப்பாக இருக்கும், ஆனால் வேலைக் கணக்கில் அதன் மதிப்பு இன்று பூஜ்யம். மாநில அணியில் தேர்வாகித் தேசியப் போட்டியின் மேட்டில் (மல்யுத்த விரிப்பில்) கால் வைக்கிற அன்றுதான் கணக்குத் தொடங்கும்.

ரயில்வேயின் நேரடி அறிவிக்கைகளில் வயது 18 முதல் 25, தளர்வு கிடையாது. மதிப்பெண் 100-ல் சாதனைக்கு 50, மேட்டில் நடக்கும் திறன் தேர்வுக்கு 40, படிப்புக்கு 10. சாதனைக்குக் காலாவதித் தேதி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. வழக்கமாக நடப்பு நிதியாண்டும் அதற்கு முந்தைய இரண்டும்தான் எடுத்துக்கொள்ளப்படும். 17 வயதில் தேசிய மெடல் வாங்கி, பிறகு முழங்கால் காயத்தில் மூன்று ஆண்டு உட்கார்ந்துவிட்டால், 21-ல் அந்த மெடல் அலமாரிக்குத்தான். எனவே 18 நிறைந்த நாளிலிருந்து ஒவ்வொரு அறிவிக்கைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். "இன்னும் பெரிய மெடல் வாங்கிவிட்டுப் பெரிய பதவிக்குப் போகலாம்" என்று காத்திருப்பது இந்த விளையாட்டில் செய்யக்கூடிய மோசமான சூதாட்டம். உள்ளே போன பிறகு பெரிய மெடல் வந்தால் பதவி உயர்வு தானே வருகிறது. சாக்‌ஷிக்கு வந்ததும் அப்படித்தான்.

எந்தச் சங்கத்தின் சான்று என்பதும் முக்கியம். 2023 ஆகஸ்டில் உலக மல்யுத்த அமைப்பு இந்தியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. அந்தச் செப்டம்பர் உலகப் போட்டியில் நம் வீரர்கள் நாட்டுக்கொடி இல்லாமல் ஆடினார்கள். இப்படி மேலே தகராறு வந்தால் கீழே போட்டிகள் தள்ளிப்போகும், எதிர்ச் சங்கங்களும் முளைக்கும். அங்கீகாரம் இல்லாத சங்கம் நடத்தும் "தேசிய" போட்டிக்கு நுழைவுக் கட்டணம், ரயில் செலவு எல்லாம் கட்டி மெடல் வாங்கி வந்தாலும் அது செல்லாது. பெயரில் "அகில இந்திய" என்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். உங்கள் மாநிலச் சங்கம் யாரோடு இணைந்திருக்கிறது என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள்.

இனி எடை. பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் இடத்தில் அடுத்த முறை 46-ல் இறக்கினால் தங்கமே வாங்கலாம் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம்.

17 வயதுக்குட்பட்டோரில் 40, 43, 46, 49, 53, 57 என்று பிரிவுகள் போகும். 20 வயதுக்குட்பட்டோரிலும் சீனியரிலும் மிகக் குறைந்ததே 50. 15 வயதில் 49 இருக்கும் பெண், 18-ல் பெரும்பாலும் 53-லோ 57-லோ நிற்பாள். 46-ல் பட்டினி கிடந்து சின்ன உடம்புக்காரிகளைத் தூக்கிப்போட்டுக் கற்றுக்கொள்ளும் எதுவும் அங்கே உதவாது. மாறாக, இப்போதே 53-ல் ஆடவிட்டால் ஓராண்டு தோற்பாள். ஆனால் தன்னைவிடக் கனமானவரின் காலைப் பிடித்து முடிப்பது எப்படி என்று கற்றுக்கொள்வாள். நான் அந்தத் தோல்விக்கே ஓட்டுப் போடுவேன்.

பெரியவர்களே இதில் எப்படி மாட்டுகிறார்கள் என்று பாருங்கள். 2018 முதல் போட்டி இரண்டு நாள். முதல் நாள் காலை எடை போட்டு, இறுதிக்கோ ஆறுதல் சுற்றுக்கோ வந்தவர்களை மறுநாள் காலை மறுபடி நிறுத்துவார்கள். ஒலிம்பிக், உலகப் போட்டிகளில் சலுகைக் கிராம் கிடையாது. 2024 பாரிஸில் வினேஷ் போகாட் 50 கிலோ இறுதிக்கு வந்துவிட்டு, மறுநாள் 100 கிராம் அதிகம் இருந்ததால் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டார். ஜப்பானின் ரெய் ஹிகுச்சி 2021-ல் ஆசியத் தகுதிப் போட்டியில் 50 கிராம் அதிகம் இருந்து நீக்கப்பட்டார், டோக்கியோவுக்கும் போக முடியவில்லை; மூன்றாண்டு கழித்துப் பாரிஸில் அதே 57 கிலோவில் தங்கம். அந்தப் பாரிஸ் அரையிறுதியில் ஹிகுச்சியிடம் தோற்ற அமன் செஹ்ராவத் அன்றிரவு 61.5 கிலோ இருந்தார். பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ இறக்கி, மறுநாள் வெண்கலம். அதே அமன் 2025 உலகப் போட்டியில் 1.7 கிலோ கூடுதலாக இருந்து நீக்கப்பட்டார். முழு மருத்துவக் குழுவோடு போகிறவர்களுக்கே இந்தக் கதி.

எடை குறைத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மல்யுத்தத்தில் வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் இறக்கக்கூடாது, மாணவிகளுக்கு உடல் கொழுப்பு 12 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. 49 கிலோவுக்கு 1.5 சதவீதம் என்றால் 735 கிராம். இரண்டே நாளில் இரண்டு கிலோ குறைந்தால் போனது கொழுப்பல்ல, தண்ணீர். கூடவே போவது கவனமும் பிடியின் வலுவும். மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் "விளையாட்டுப் பிள்ளைகளுக்கு அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் கேட்காமல் மருத்துவரிடம் போங்கள். சாப்பாடு போதாமல் அது நின்றால் எலும்பின் அடர்த்தி குறையத் தொடங்கும். வளரும் வயதில் இழந்தது முழுதாகத் திரும்புவது கடினம்.

"நீர் இறக்கும் மாத்திரை" என்று யாராவது கொடுத்தால் அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளது. நான்காண்டு வரை தடை வரலாம். மேலே சொன்ன 18-25 கணக்கோடு சேர்த்துப் பாருங்கள், அத்தோடு வேலையும் போயிற்று. காய்ச்சலுக்கு ஊசி போடும்போதும் "இவள் போட்டியாளர்" என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஹரியானாவுக்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே அனுப்பச் சொல்வதற்கு ஒரே நியாயமான காரணம் உண்டு: ஜோடி. மல்யுத்தம் தனியாகப் பழக முடியாத கலை. அவள் எடைக்கு மூன்று கிலோ மேலே கீழே, அவளைவிடத் தேர்ந்த நான்கைந்து பெண்கள் தினமும் மேட்டில் இருக்க வேண்டும். இச்சோவே பெய்ஜிங் தங்கத்துக்குப் பிறகு டோக்கியோவுக்கு இடம் பெயர்ந்து ஆண்களோடு பழகினார். நம் ஊர்க் கோதாவில் அந்த ஜோடி இல்லையென்றால் என்றைக்காவது வெளியே போகத்தான் வேண்டும். ஆனால் 15 வயதில், தெரியாத ஊரில், தனியார் விடுதியில் என்றால் நான் தயங்குவேன். முதலில் கோடை விடுமுறையில் நான்கு வாரம், நீங்களும் உடன் தங்கி அனுப்பிப் பாருங்கள். பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, விடுதிப் பொறுப்பில் பெண் இருக்கிறாரா, பாலியல் தொல்லைப் புகாருக்கான உள் குழு யார், அதன் உறுப்பினர் பெயர் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று நேரில் பாருங்கள். இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற இடம் வேண்டாம். 2023-ல் சாக்‌ஷியும் வினேஷும் தில்லி ஜந்தர் மந்தரில் போராட உட்கார்ந்தது இத்தகைய புகாருக்காகத்தான். நான்கு தங்கம் வென்ற இச்சோவுக்கும் பயிற்சியாளரின் அதிகாரத் துன்புறுத்தல் நடந்ததை ஜப்பான் மல்யுத்தக் கூட்டமைப்பு அமைத்த வெளியார் குழு 2018-ல் உறுதி செய்தது. மெடல் எவருக்கும் கவசம் அல்ல.

அங்கே இன்னொன்றும் பாருங்கள்: மேட்டை ஒவ்வொரு நாளும் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார்களா? படர்தாமரையும் கொப்புளமும் அப்படித்தான் ஒருவரிடமிருந்து முப்பது பேருக்குப் போகும், தோல் நோய் இருந்தால் போட்டியில் மேடையேற விடமாட்டார்கள். காது வீங்கினால் முதல் நாளே இரத்தத்தை எடுத்துக் கட்டுப்போட வேண்டும். விட்டால் இறுகி அப்படியே நின்றுவிடும். முழங்கால் "டக்" என்று சத்தமிட்டு வீங்கினால் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லாதீர்கள், எம்ஆர்ஐ எடுங்கள்.

படிப்பை விடவே கூடாது, தபால் வழியும் வேண்டாம். பள்ளியில் இருந்தால்தான் படிவம் 4, கல்லூரியில் இருந்தால்தான் படிவம் 3. பல்கலைக்கழகப் போட்டிக்கு 25 வயது வரை இடம் உண்டு. மருத்துவம் குறிக்கோள் இல்லையென்றாலும் உயிரியல் உள்ள பிரிவை எடுக்கச் சொல்வேன், பிசியோதெரபி, உணவியல் கதவுகள் திறந்திருக்கும். வருகைப் பதிவில் கெடுபிடியான பள்ளியாக இருந்தால் வணிகவியலும் தவறில்லை. பட்டம் இருந்தால் ரயில்வேயில் மேல்நிலைப் பணிக்குத் தகுதி வரும், ஆட்டம் முடிந்த பிறகு துறைத் தேர்வெழுதி ஏறவும் உதவும். சாக்‌ஷி ஓய்வை அறிவித்தபோது வயது 31. அதன் பிறகு பணி ஓய்வு வரை கிட்டத்தட்ட முப்பது ஆண்டு மேஜை வேலை இருக்கிறது. பயிற்சியாளராக விரும்பினால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஓராண்டுப் பட்டயம் அடிப்படைத் தகுதி.

எப்போது நிறுத்துவது என்பதையும் இப்போதே மகளோடு பேசி எழுதி வையுங்கள். என் கணக்கு இது: 17 முடிவதற்குள் மாநில அணி, 20 முடிவதற்குள் தேசிய அளவில் முதல் மூன்று. இரண்டாவது நடக்காவிட்டால் படிப்பை முன்னே வைத்து, ஆட்டத்தைப் பல்கலைக்கழக மட்டத்தில் தொடரலாம்.

இந்த வாரம் செய்ய ஒரு வேலை இருக்கிறது. பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் பதிவு, மாநிலச் சங்கச் சான்று நான்கையும் மேசையில் பரப்புங்கள். பிறந்த தேதி, பெயரின் ஆங்கில எழுத்து, முக்கியமாக இனிஷியல். நம் பிள்ளைகளுக்கு ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். தில்லியில் சரிபார்க்கிறவருக்கு அது மூன்று வெவ்வேறு ஆள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று அச்சாவதற்கு முன் பள்ளியில் திருத்துவது எளிது. சங்கச் சான்றில் பிழை இருந்தால் இப்போதைய செயலாளர் பதவியில் இருக்கும்போதே எழுதிக்கொடுத்து மாற்றி வாங்குங்கள்.